காளானுக்கு ஒரு சக்களத்தி

பூசணத்தைக் கண்டு பூரித்துப்போகும் மனுஷி புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஒருத்திதான். அவர் எங்கள் ஆய்வுக்கூடத்து சீனியர், பூஞ்சக்கா. இயற்பெயர் அடையாள அட்டையில் இருந்தது, யாரும் படித்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்ற மிதப்போடு, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். முதல் நாளே அக்கா என் கையில் கொடுத்தது பூசணம் பூத்த பழைய செருப்பு. "பதனமாப் புடி புள்ள, உசுரு இருக்கு."

பஸ்ஸில் போகும்போது பட்ட மரம் தெரிந்தால் போதும், எழுந்துவிடுவார்.

"இங்கிட்டு ஸ்டாப்பிங் இல்லம்மா!" என்பார் கண்டக்டர்.

"எனக்கு இல்லைங்க. காளானுக்கு இருக்கு."

அப்படிக் கந்தர்வக்கோட்டை முந்திரித் தோப்பில் ஒரு காளான் அகப்பட்டது. மறதி நோயில் மூளை செல்கள் சாவது போலவே சாகட்டும் என்று, தட்டில் வளர்த்த நரம்பு செல்களுக்கு விஷம் வைத்தோம். காளான் சாறு கலந்தவை மட்டும் சாகவில்லை. மறதி நோயே ஒழிந்ததாகத் துறைத்தலைவர் லட்டு கொடுத்தார்.

"பொழச்சது தட்டுல இருக்க செல்லு சார். மனுசன் இல்ல" என்று சொல்லிவிட்டு அக்கா இரண்டு லட்டு எடுத்துக்கொண்டார்.

காப்பாற்றும் பொருள் எதுவென்று பிரித்தெடுப்பதற்குள், ஆய்வுக்கூடத்தில் வளர்த்துவந்த காளான் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. தின்றது, கொழுத்தது, சாற்றில் மட்டும் சாரமில்லை. செல்கள் கூண்டோடு செத்தன. அக்காவின் ஆராய்ச்சிக் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. முடிவு வராவிட்டால் பட்டம் இல்லை, வெறுங்கையோடு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

இன்னும் சத்தான தீனி வைக்கச் சொன்னார் துறைத்தலைவர்.

"வேளாவேளைக்குச் சோறு, ஏசி ரூம்பு, போட்டிக்கு ஆளில்ல. அப்பறம் எதுக்கு வேல பாக்கும்? இதுக்கு வேண்டியது ஒரு சக்களத்தி!" என்றார் அக்கா. துறைத்தலைவர் ஏசியைக் குறைத்துவிட்டு வெளியே போனார்.

ஹாஸ்டல் வார்டனின் ஊறுகாய் ஜாடியிலிருந்து பச்சைப் பூசணத்தை வழித்து வந்து, காளானோடு ஒரே தட்டில் குடிவைத்தார் அக்கா. வார்டன் பின்னாலேயே ஓடி வந்தார்.

"எங்க ஆத்தா போட்ட ஊறுகாடி அது!"

"ஆத்தா கைராசி வீண் போகாதுங்க, விடுங்க."

சில நாளில் இரண்டுக்கும் சண்டை முற்றியது. நடுவில் வரப்புத் தகராறு மாதிரி ஒரு பழுப்புக் கோடு விழுந்தது. காளான் கடைசியில் எதையோ சுரந்திருக்கிறது! அந்தக் கோட்டைச் சுரண்டிச் சாறெடுத்து, செல்களில் கலந்து, விஷம் வைத்தோம்.

மறுநாள் மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டு அக்கா சுவரைப் பார்த்து நின்றார்.

"என்னடி, செத்துருச்சா?"

அத்தனை செல்களும் உயிரோடு இருந்தன. பட்டம் வந்துவிடும். செல்கள் செத்திருந்தாலும் அக்கா போய்விடுவார், பிழைத்தாலும் போய்விடுவார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பொழச்சிருச்சுக்கா" என்றேன். "ஆனா எதுக்கும் இன்னொரு தடவ செஞ்சு பாத்துருவோம்."