சுவரில் ஒட்டிய முட்டை

கிட்டே வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். இது உரக்கச் சொல்கிற கதை இல்லை. கதையில் வருகிற தையல்காரர் பக்கத்துத் தெருவில்தான் கடை வைத்திருக்கிறார். என் சட்டை ஒன்று வேறு அவரிடம் கிடக்கிறது.

தையல்காரருக்கு வாழ்க்கையில் ஒரு சுகம் இருந்தது. காலை ஆறரைக்குப் பல் தேய்த்துவிட்டு மேஜைக்கு வந்தால், இரண்டு முட்டையும் ரொட்டியும் ஆவி பறக்கக் காத்திருக்கும். இருபத்தாறு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை உட்பட. அவருக்கு ஒரு பயமும் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை என்றைக்காவது கையை விட்டுப் போய்விடுமோ என்று.

ஏனென்றால் அவர் மனைவி வெகுநாளாக ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நகை இல்லை, புடவை இல்லை. வாரத்தில் ஒரு நாள் எட்டு மணி வரைக்கும் தூங்கவேண்டும், அவ்வளவுதான். கேட்கும்போதெல்லாம் தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார்.

"உன் கைப்பக்குவம் யாருக்கும்மா வரும்? நீ போடற முட்டையைச் சாப்பிடலேன்னா எனக்குப் பொழுதே விடியாது."

முடியாது என்று சொன்னால் சண்டை வரும். புகழ்ந்தால் முட்டை வரும். இந்தக் கணக்கு அவருக்குக் கல்யாணமான புதிதிலேயே பிடிபட்டுவிட்டது. உண்மையில் அந்த முட்டை எப்படி இருக்கும் என்பது அவருக்கும் அவர் பல்லுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

அப்போதுதான் அவர் கடையிலிருந்து நாலு கடை தள்ளி, முனையில், ஒரு கஃபே வந்தது. காலைச் சாப்பாடும் இல்லாமல் மதியச் சாப்பாடும் இல்லாமல் நடுவாந்திரமாக ஒன்று போடுவார்கள். பலகையில் அதற்கு 'ப்ரன்ச்' என்று பேர் எழுதியிருக்கும். பத்து மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டுக்கு எழுந்திருக்கலாம், யாரும் விரட்டமாட்டார்கள். ஒரு ஞாயிறு அங்கே போவோமே என்று மனைவி கேட்டாள். தையல்காரர் மறுபடியும் கண்ணை மூடிக் கைப்பக்குவத்தை எடுத்து நீட்டித் தப்பித்தார்.

ஆனால் ஒரு சனிக்கிழமை மனைவி அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் மேஜை காலி. ஒன்பது மணிவரை பொறுத்துப் பார்த்தார். வயிறு கேட்கவில்லை. தெருவில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கடன்காரனுக்குப் பயந்தவர் மாதிரி கஃபேக்குள் நுழைந்தார்.

நல்ல கூட்டம். முக்கால் மணிநேரம் கழித்துத்தான் முட்டை வந்தது. அதை ஒரு வாய் வைத்ததும் தையல்காரருக்கு எங்கிருந்தோ ஒரு கோபம் கிளம்பியது. இருபத்தாறு வருஷக் கோபம் அது, இடம் தெரியாமல் வந்து இறங்கியது. வீட்டுக்கு வந்து, கைபேசியை எடுத்து, 'உண்மைவிரும்பி' என்று ஒரு பேர் வைத்துக்கொண்டு, கஃபேக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதினார்:

"முட்டையின் மஞ்சள் நடுவிலிருந்து அரை அங்குலம் இடது பக்கம் தள்ளியிருந்தது. ரொட்டித் துண்டு இரண்டில் ஒன்று கால் அங்குலம் குறைச்சல். பரிமாறிய பெண்ணின் ஏப்ரனில் ஓரம் பிரிந்து தொங்கியது, இரண்டு தையல் போட ஆளில்லையா? முட்டையோ காலருக்குள் வைக்கிற கேன்வாஸ் மாதிரி விறைப்பு. இப்படிப்பட்ட முட்டைதான் வேண்டுமென்றால் என் வீட்டிலேயே கிடைக்கும். இருபத்தாறு வருஷமாக அதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன்."

எழுதி முடித்ததும் உடம்பே லேசாகிவிட்டது. மனைவி ஊரிலிருந்து வந்தாள். திங்கட்கிழமை ஆறரைக்கு முட்டை வந்தது. உன் கைப்பக்குவமே கைப்பக்குவம் என்றார். எல்லாம் சுபம்.

புதன்கிழமை மருந்துக்கடைக்காரர் தன் பேன்ட்டை வாங்கிப்போக வந்தார். வந்தவர் சிரித்துக்கொண்டே வந்தார். முனைக் கஃபேயில் ஒரு புது வேடிக்கை. யாராவது திட்டி எழுதினால் முதலாளியம்மா அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுகிறார். சனங்கள் காபி குடித்துக்கொண்டே படித்துச் சிரிக்கிறார்கள்.

"அதுல ஒண்ணு பாருங்க மாஸ்டர், முட்டைக்கு அளவெடுத்திருக்கான் ஒருத்தன். அவன் பெண்டாட்டி மட்டும் அதைப் படிச்சான்னு வைங்க, மறுநாள்லேருந்து அவன் பட்டினிதான்."

தையல்காரரின் கத்திரி துணிக்கு நடுவிலேயே நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் மனைவி தட்டை வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். வருகிற ஞாயிறு அந்தக் கஃபேக்குப் போகலாம், அங்கே சுவரில் என்னவோ ஒட்டியிருக்கிறார்களாமே, எல்லாரும் சொல்கிறார்கள், பார்க்கவேண்டும்.

அதற்கப்புறம் தையல்காரருக்குத் தூக்கம் போயிற்று. பசி போயிற்று. ஒரு சட்டைக்கு இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்தார். ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை. வயிறு சரியில்லை என்று ஆரம்பித்துப் பார்த்தார். அங்கே லேசாகச் சூப் கிடைக்குமாம் என்றாள். அங்கே நாற்காலி எல்லாம் பள்ளம், இடுப்புக்கு ஆகாது என்றார்.

"நீங்க எப்ப உட்கார்ந்து பார்த்தீங்க?" என்றாள்.

வாசலிலிருந்து பார்த்தேன் என்று சொல்லிவிட்டு அவசரமாகக் குளிக்கப் போனார். அன்றைக்கு அது இரண்டாவது குளியல்.

வெள்ளிக்கிழமை கடையைப் பாதியில் சாத்திவிட்டுக் கஃபேக்கு ஓடினார். கூட்டமில்லாத நேரம். சுவரில் அவருடைய காகிதம் ஜன்னல் அகலத்துக்கு இருந்தது. 'இருபத்தாறு வருஷமாக' என்பது வாசல் வரைக்கும் தெரிந்தது. இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு ஒரு மூலையை நகத்தால் நெம்பினார்.

"பிடிச்சிருக்கா சார்?"

பின்னால் முதலாளியம்மா, துண்டில் கையைத் துடைத்தபடி.

இது எங்கேயோ ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிடுமோ என்று தோன்றியது, அதனால்தான், என்று தையல்காரர் இழுத்தார். எழுதியது தன் நண்பர் ஒருவர், பாவம், ரொம்ப வருத்தப்படுகிறார் என்றார். முதலாளியம்மாவும் வருத்தப்பட்டார். ஆனால் கடைக்கு ஒரு சட்டம் இருப்பதாகச் சொன்னார்.

"எழுதினவங்களே வந்து மறுபடி சாப்பிடணும். சாப்பிட்டுட்டு, கைப்பட, சொந்தப் பேர்ல எழுதணும். அப்பதான் பழசு கீழே இறங்கும். உங்க நண்பரைக் கூட்டிட்டு வாங்க."

தையல்காரர் சுவரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் நடுவில் இருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, "சரி, கொண்டாங்க" என்றார்.

முட்டை உடனே வந்தது. நன்றாகவே இருந்தது என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் ருசி பார்க்கிற நிலைமையில் அவர் இல்லை. நாலு வாயில் விழுங்கிவிட்டுப் பேனாவைப் பிடித்தார். முட்டை நலம் என்று எழுதினார். முதலாளியம்மா எட்டிப் பார்த்து, கடிதம் மாதிரி இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் மனசு வைக்கக்கூடாதா என்றார். தையல்காரர் மனசு வைத்தார். பயத்தில் ரொம்பவே வைத்துவிட்டார்.

"இப்படி ஒரு முட்டையை என் ஆயுசில் எங்கும் சாப்பிட்டதில்லை. இந்த ருசிக்குப் பிறகு வேறு முட்டை இறங்காது. இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் இங்கேதான்."

கீழே முழுப் பேர், கையெழுத்து. ஒட்டிவிடுவீர்களோ என்று கேட்டார். பாராட்டை எல்லாம் நான் ஒட்டுவதில்லை சார், பத்திரமாக வைத்துவிடுவேன் என்றார் முதலாளியம்மா. பழைய காகிதத்தைத் தாமே உரித்துக் கொடுத்தார். தையல்காரர் அதைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, வெட்டுத்துணி மூட்டைக்குள் போட்டுப் புதைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு கஃபேக்குள் நுழைந்தபோது சுவரில் அந்த இடம் காலியாக இருந்தது. தையல்காரருக்கு உயிர் திரும்பி வந்தது. காபி ஆறிவிட்டது, மேஜை ஆடுகிறது என்று மற்றவர்கள் எழுதியதை எல்லாம் அவரே மனைவிக்கு வாசித்துக் காட்டினார். மனைவி பொறுமையாகக் கேட்டாள். முட்டையைக் கடைசி வாய்வரை சாப்பிட்டுவிட்டு, எப்படி இருக்கிறது என்று அவரைக் கேட்டாள்.

மனுஷன் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். பயம் தெளிந்த மனுஷனுக்கு வாய் நிற்குமா?

"சுமார்தான். என்ன இருந்தாலும் உன் கைப்பக்குவம் வராது."

மனைவி கைப்பையைத் திறந்தாள். நாலாய் மடித்த ஒரு காகிதத்தை எடுத்து, மேஜைமேல் வைத்து, நீவிவிட்டாள். தையல்காரர் தன் கையெழுத்தைத் தானே பார்த்தார்.

"திங்கக்கிழமை ரொட்டி வாங்க வந்தேன்," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "சுவர்ல படிச்சேன். முட்டைக்கு அங்குலக் கணக்குச் சொல்ற ஆள் இந்தத் தெருவுல வேற யாருங்க இருக்கா?"

தையல்காரர் தண்ணீரைக் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் குடித்தார்.

"அப்ப அந்தச் சட்டம்..."

"கடையில அப்படி ஒரு சட்டமே இல்லை. நான்தான் அந்தம்மாகிட்டச் சொல்லி உங்களுக்காகப் போடச் சொன்னேன். நீங்க வருவீங்கன்னு தெரியும். எழுதுவீங்கன்னும் தெரியும். இவ்வளவு நல்லா எழுதுவீங்கன்னுதான் தெரியாது."

முதலாளியம்மா கல்லாவுக்குப் பின்னால் எதையோ தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

ஏதாவது சொல்லவேண்டுமே என்று தையல்காரர், அது சும்மா ஒரு பேச்சுக்கு எழுதியது என்று ஆரம்பித்தார். எது பேச்சுக்கு, முதலில் எழுதியதா இரண்டாவது எழுதியதா என்று மனைவி கேட்டாள். எந்தப் பதிலைச் சொன்னாலும் வீடு போய்ச் சேரமுடியாது என்று அவருக்குப் புரிந்தது.

கோபமா என்று பயந்து பயந்து கேட்டார். கோபமெல்லாம் இல்லை என்றாள். உண்மையிலேயே இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவள் எழுந்து கல்லாவுக்குப் போனாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் ஜன்னலோர மேஜை ஒன்று வேண்டும், அவர் பேரில் குறித்துக்கொள்ளுங்கள் என்றாள். எத்தனை பேருக்கு என்று முதலாளியம்மா கேட்டார்.

"ஒருத்தருக்கு. நான் அப்ப தூங்கிட்டிருப்பேன்."

திரும்பி வந்தவள், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பக்கத்து மேஜைக்குப் போட்டாள்.