கார்த்திகையில் பொங்கிய பொங்கல்

தொலைக்காட்சியில் வரும் பொங்கல் எதுவும் தை மாதத்தில் பொங்குவதில்லை. விளம்பரதாரர் முன்கூட்டியே பார்த்துத் திருப்தியானால்தான் பண்டிகை நாளின் நேரம் விலைபோகும். அதனால் அது கார்த்திகை மழையிலேயே பொங்கிவிடும்.

அப்போது நான் தாம்பரத்தில் ஒரு சின்ன கேபிள் சேனலின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் (பதவி பெரிது, நாற்காலிக்குத்தான் ஒரு கை இல்லை). பெரிய சேனல்கள் பண்டிகைக்குப் புதுப்படம் போடும். எங்களுக்கு அதன் போஸ்டர்கூடக் கட்டுப்படியாகாது. ஆகவே, ‘கிராமத்துப் பொங்கல்’ எடுப்பதென்று தீர்மானித்தேன். கிராமம், பீர்க்கன்கரணையில் என் மாமனார் வீட்டுக் கொல்லை. நடிகர்கள், மாமனார் குடும்பம். புது மாப்பிள்ளையிடம் யார் சம்பளம் கேட்பார்கள்?

படப்பிடிப்பன்று காலையிலிருந்து தூறல். விறகெல்லாம் ஈரம். மாமியார் பட்டுப்புடவையும் குடையுமாக அடுப்பை ஊதிக்கொண்டிருக்க, நெய் கம்பெனி முதலாளியின் கார் வந்து நின்றது.

“இன்னா சார், பால் தூங்கிகினு கீது. வெளிச்சம் வேற போவுது” என்றார் கேமராமேன் டேவிட் அண்ணன்.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கிளம்பினால் விளம்பரம் போகும், பின்னாலேயே என் வேலையும் போகும். உள்ளே ஓடி, என் மனைவி சுதாவின் ஷாம்பு பாட்டிலை எடுத்துவந்து, யாரும் பார்க்காதபோது பானையில் ஊற்றிக் கலக்கினேன். (என் மூளையைப் பற்றி அப்போது எனக்கு உயர்ந்த அபிப்பிராயம்.)

நுரை பானையின் கழுத்தைத் தாண்டி வழிந்து கோலம் வரை ஓடியது. “பொங்கலோ பொங்கல்” என்று குடும்பமே கத்தியது. மாமியார் நெய்யை ஊற்றினார்.

முதலாளி மோந்து பார்த்தார். “வாசனையா இருக்கே. என்ன போட்டீங்க?”

“ஏலக்காய் சார்.”

“ஒரு டம்ளர் குடுங்கம்மா. நானே குடிச்சிக் காட்டறேன். கேமரா ஓடட்டும்.”

டம்ளர் அவர் உதடு வரை போய்விட்டது. பாய்ந்து பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தேன். அந்தப் பாய்ச்சலில் பானையும் கவிழ்ந்தது. அன்று நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். மாமனார் தலையில் கைவைத்துக்கொண்டார். நான் விட்ட ஏப்பத்தில் குமிழி வந்ததாக டேவிட் அண்ணன் இன்றும் சொல்கிறார். நான் பார்க்கவில்லை.

முதலாளி சிரித்தார். “நம்ம நெய்க்கு எப்படி அலையறான் பாருய்யா. இதையே விளம்பரமா போடுங்க.”

போட்டார்கள். புதிதாக எடுத்தால் செலவு. பழையதைப் போட்டால் வரவு மட்டும்தான். எனவே ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் டம்ளரைப் பிடுங்கிக் குடிக்கிறேன். சொந்தபந்தம் மொத்தத்துக்கும் நான்தான் ‘அலையுற மாப்ளை’. மாமியாரும் பொங்கிய பாலில் முதல் டம்ளரை என்னிடம்தான் நீட்டுவார்.

என் தயக்கத்தைப் பார்த்து, விஷயம் தெரிந்த ஒரே ஆளான சுதா காதோரம் சொல்வாள்: “தைரியமா குடிங்க. இதுல பொடுகு போகாது.”