பெரியப்பா படம் ஏன் சின்னது?

பொறாமைப்பட ஒரு ஆள் வாய்த்தால், அந்த ஆள் கொஞ்சமாவது கெட்ட ஆளாக இருக்க வேண்டும். அப்போதுதான் நிம்மதியாக வயிறு எரியலாம். எனக்கு வாய்த்தவள் நஸ்ரின். பூந்தமல்லியில் வளையல் கடை வைத்திருப்பவரின் மகள். எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் என் பக்கத்து இருக்கை. பரீட்சைக்கு முன்னால் நாங்கள் எல்லாரும் "ஒண்ணுமே படிக்கலடி" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வோம். அவள் மட்டும் "நான் எல்லாம் படிச்சிட்டேன், உனக்கு ஏதாவது சொல்லித் தரவா நிவி?" என்பாள். (இதுக்கு பதிலா ஒரு அறை விட்டிருக்கலாம்.) பிதுங்கி வழியும் பஸ்ஸில் வந்து இறங்குவாள், துப்பட்டாவில் ஒரு கசங்கல் இருக்காது. நான் கோவில்பதாகையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினால், அந்த ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே வந்தவள் மாதிரி இருப்பேன்.

அந்த செமஸ்டரில் எங்களுக்கு டிஸ்ட்ரிபியூட்டட் டேட்டாபேஸ் என்று ஒரு பாடம். விஷயம் எளிதுதான். ஒரே தகவலை மூன்று கம்ப்யூட்டர்களில் வைக்க வேண்டும். அதில் ஒன்று தலைமை. தலைமை படுத்துவிட்டால் மிச்சம் இரண்டும் ஓட்டுப் போட்டு, தங்களுக்குள் ஒன்றைத் தலைமையாக்கிக்கொண்டு வேலையைத் தொடரும். பழைய தலைமை எழுந்து வந்தாலும் பதவி திரும்பக் கிடைக்காது. மூன்றில் இரண்டு உயிரோடு இருக்கும்வரை கவலையில்லை. இரண்டு படுத்துவிட்டால், மிஞ்சிய ஒன்று தனியாக ஓட்டுப் போட்டுப் பயனில்லை. எல்லாம் நின்றுவிடும்.

இதைச் செய்துகாட்ட வேண்டும். நன்றாகச் செய்கிற ஒருவரை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்புவதாக மேடம் சொல்லியிருந்தார். ஒரே ஒரு இடம். அது எனக்குக் கிடைக்க வேண்டும் என்பதைவிட அவளுக்குக் கிடைக்கக் கூடாது என்பதுதான் என் பெரிய வேண்டுதலாக இருந்தது. அன்றாடம் சாயங்காலம் வீட்டில் இதே பாட்டுத்தான். "அந்த நஸ்ரின் இன்னைக்கு என்ன பண்ணா தெரியுமா" என்று நான் ஆரம்பித்தாலே அம்மா குக்கரை அடுப்பில் ஏற்றிவிடுவாள். எப்படியும் நாலு விசிலுக்குக் குறையாது என்று அவளுக்குத் தெரியும்.

நஸ்ரின் லேப்பிலேயே மூன்று கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்துச் செய்யப்போகிறாள் என்று தெரிந்தது. எனக்குள் இருந்த மகாராணி விழித்துக்கொண்டாள். ஒரே மேஜையில் மூன்றை வைத்தால் அதற்குப் பெயர் டிஸ்ட்ரிபியூட்டடா? நான் ஊர் ஊராக வைப்பேன்! ஒன்று எங்கள் வீட்டில், அம்மாவின் பொறுப்பில். ஒன்று ஆவடி குவார்ட்டர்ஸில், அப்பாவின் அண்ணன், அதாவது பெரியப்பா வீட்டில். மூன்றாவது கரையான்சாவடியில் அம்மாவின் தம்பி, மாமாவின் மொபைல் கடையில்.

இங்கே ஒரு குடும்ப நிலவரம் சொல்லியாக வேண்டும். பெரியப்பாவும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. காரணம், என் அக்கா கல்யாணத்துக்கு மண்டப வாசலில் வைத்த ஃப்ளெக்ஸ் பேனர். அதை அடித்துக் கொண்டுவந்தவர் மாமா. அதில் மாமா மேலே, கூலிங் கிளாஸோடு, மாப்பிள்ளையைவிடப் பெரிதாக இருந்தார். பெரியப்பா கீழே ஓரமாக, பிரிண்டிங் கடையின் போன் நம்பருக்குப் பக்கத்தில், தபால்தலை அளவில் இருந்தார். பந்தியில் உட்காராமலே அன்றைக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் அம்மாதான் கிடந்து அல்லாடுகிறாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்தேன் தெரியுமா? நஸ்ரினின் திரை பச்சை, சிவப்பு விளக்குகளோடு அழகாக இருந்ததைப் பார்த்துவிட்டேன். பொறுக்கவில்லை. அவளுக்கு விளக்கு என்றால் எனக்குப் படம்! ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அந்த இடத்து ஆளின் படத்தைப் போட்டேன். எது தலைமையோ அந்தப் படம் மேலே பெரிதாக வரும். மற்ற இரண்டும் கீழே சின்னதாக. அதே திரை மூன்று இடத்திலும் தெரியும். (ஆமாம். ஃப்ளெக்ஸ் பேனரேதான். என் கையாலேயே, பொறுமையாக உட்கார்ந்து செய்தேன்.)

டெமோ நாள் வந்தது. நஸ்ரின் அமைதியாக முடித்தாள். "நீட்" என்றார் மேடம். அந்த ஒரு சொல்லுக்கே எனக்கு நெஞ்சு கரித்தது. அடுத்து நான். மூன்று பேரையும் போனில் ஒரே அழைப்பில் கோத்து, வகுப்பே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். புரொஜக்டரில் மாமா பெரிதாக, கூலிங் கிளாஸோடு தெரிந்தார்.

"இப்ப தலைமையைப் படுக்க வை, பார்ப்போம்" என்றார் மேடம்.

"மாமா, லேப்டாப்பை மூடுங்க."

"மூடிட்டேன் கண்ணு!"

திரை ஒரு கணம் தடுமாறி, பெரியப்பாவை மேலே பெரிதாகக் கொண்டுவந்தது. வகுப்பு கைதட்டியது. நான் நஸ்ரினைத் திரும்பிப் பார்த்தேன். பாவி, அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, இப்ப திறங்க" என்றேன் பெருமையாக. அங்கேதான் சனி பிடித்தது.

"இன்னா கண்ணு இது? அவுரு பெர்சா கீறாரு, நான் கீழ குந்திகினு கீறேன்?"

"சரியாத்தானே இருக்கு" என்றது பெரியப்பாவின் குரல். "யார் எங்க இருக்கணுமோ அங்க இருக்காங்க. மிஷினுக்குத் தெரிஞ்சது கூட சில பேருக்குத் தெரியல."

"யாரைச் சொல்றாரு? யக்கா, யாரைச் சொல்றாரு இவுரு? என் கட, என் கரண்டு, என் நெட்டு! நான் எதுக்கு இவுருக்குக் கீழ இருக்கணும்? மூடறேன் போ!"

மாமா படம் அணைந்தது. பரவாயில்லை, இன்னும் இரண்டு இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன். ஆனால் அந்த இரண்டில் ஒன்று என் அம்மா.

"ஐயையோ, தம்பி மூடிட்டானே. நான் மட்டும் தொறந்து வெச்சிகினு இருந்தா மச்சாண்டார் பக்கம் சேர்ந்துட்டேன்னு சொல்லுவானே. எனக்கு எதுக்குடி வம்பு, நானும் மூடிட்டேன் நிவி."

"அம்மா! வேணாம்மா!"

பெரியப்பா தனி ஆளாக நின்றார். விதிப்படி தனி ஆள் தலைமையாக முடியாது. எனவே அவர் படமும் சுருங்கிக் கீழே போய் உட்கார்ந்தது. பழைய தபால்தலை அளவு.

"நிவேதா! என் படம் ஏன் சின்னதாச்சு? அவன் ஏதோ பண்ணிட்டான்! அன்னைக்கும் இப்படித்தான்..."

அதன்பின் அக்காவின் கல்யாணம் முழுதும் ஸ்பீக்கரில் ஓடியது. அணைக்கப் போன என் விரல், பதற்றத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் மாமாவுக்கு என்மேல் அக்கறை பொங்கியது. "அத்த வுடு கண்ணு. அந்த நஸ்ரின் பொண்ணு மூஞ்சி எப்டி கீது? கறுத்துப் போச்சா? தெனிக்கும் பொலம்புவியாமே, அவ துப்பட்டா கூட கசங்கலன்னு!"

வகுப்பு மொத்தமும் திரும்பி நஸ்ரினின் துப்பட்டாவைப் பார்த்தது. பூமி பிளக்கவில்லை. எதிர்பார்த்துப் பார்த்தேன்.

நஸ்ரின் எழுந்து வந்தாள். போனை என் கையிலிருந்து வாங்கினாள். "பெரியப்பா, நான் நஸ்ரின் பேசறேன்" என்றாள். (என் பெரியப்பாவை, அவள், பெரியப்பா!) "மாமா, நீங்களும் இருங்க. ஆன்ட்டி, நீங்களும். எல்லாரும் கொஞ்ச நேரம் கழிச்சுத் திறங்க, உங்க படம்தான் பெருசா வரும்." என் லேப்டாப்பில் உட்கார்ந்து ஏதோ நாலு வரி மாற்றினாள். எது தலைமையாக இருந்தாலும், அவரவர் திரையில் அவரவர் படமே பெரிதாகத் தெரியும்படி செய்துவிட்டாள். உள்ளே கணக்கு ஒழுங்காக ஓடும், வெளியே எல்லாரும் ராஜா.

"இப்ப கரெக்டா கீது!" என்றார் மாமா. "ம், பரவாயில்ல" என்றார் பெரியப்பா. அக்கா கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

மேடம் சிரித்து நனைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இந்த மாதிரி ஃபெயிலியர் சிலபஸ்லயே இல்லையேம்மா" என்றார். இன்டர்ன்ஷிப் யாருக்குப் போனது என்று நான் சொல்லவேண்டியதில்லை. போகிற போக்கில் கூடவே என் குடும்பத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். பெரியப்பா போனில் என்ன கோளாறு என்றாலும் நஸ்ரினைத்தான் கூப்பிடுகிறார். ரம்ஜானுக்கு அவள் வீட்டிலிருந்து வரும் பிரியாணியை மாமா கடையைச் சாத்திவிட்டு வந்து சாப்பிடுகிறார். நான் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் போதும், "யாராவது இவ படத்தைப் பெர்சா போடுங்கப்பா" என்று வீடே சிரிக்கிறது.

போன மாதம் அக்கா மகனுக்குக் காதுகுத்து. பேனர் மாமாதான் அடித்தார். மேலே ஒரு பக்கம் மாமா, மறுபக்கம் பெரியப்பா, அளந்து வெட்டின மாதிரி சரிசமமாக. இரண்டு பேருக்கும் நடுவில் நஸ்ரின், பெரிய சிரிப்போடு. என்னைத் தேடினேன். கீழே ஓரமாக, பிரிண்டிங் கடையின் போன் நம்பருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"இன்னா மாமா இது?" என்றேன்.

"நீ நம்ம ஊட்டுப் பொண்ணு கண்ணு. எங்க போட்டாலும் கோச்சிக்க மாட்ட."

பந்தியில் உட்காராமல் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பெரியப்பா என் தோளைத் தட்டி, "அந்த இடம் கொஞ்ச நாள்ல பழகிடும்மா" என்றார். நஸ்ரின் பந்தியில் உட்கார்ந்து பக்கத்து இலையில் எனக்காக இடம் போட்டு வைத்திருந்தாள். போய் உட்கார்ந்தேன். அவ்வளவு கூட்டத்திலும் துப்பட்டா கசங்கவில்லை. சாம்பார் வாளி வந்தபோது, கை தவறினால் நன்றாக இருக்குமே என்று பரிமாறுகிறவரை ஆசையோடு பார்த்தேன். அவர் என் புடவையில் கொட்டினார்.