கோயம்புத்தூர் மாப்பிள்ளையும் மைசூர் போண்டாவும்

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் சாமி கும்பிட வருவார்கள், பட்டு எடுக்க வருவார்கள். காஞ்சிபுரத்திலேயே குடியிருந்துகொண்டு பட்டுக்கடைக்குப் பாதாம் பால் குடிக்கப் போன தம்பதி எனக்குத் தெரிந்து நாங்கள் மட்டும்தான்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் கணவர் செந்திலுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. சொந்த ஊர் வாலாஜாபாத். நான் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண். சின்ன காஞ்சிபுரத்தில் வாடகை வீடு. கையில் காசு இல்லாமல் இந்த வேலைக்கு இறங்கவில்லை, நாக்கு நீளமாகிப் போனதால் இறங்கினோம். ஜாதகம் பார்த்தவர் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று சொன்னார். ஒன்பதாவது பொருத்தம் அவருக்குத் தெரியவில்லை. எங்கே எது சாப்பிட நன்றாக இருக்கும் என்பதைத் தவிர நாங்கள் இரண்டு பேரும் வேறெதுவும் உருப்படியாகப் பேசியதே கிடையாது.

ஒருமுறை என் தோழி ஒருத்தியின் கல்யாணச் சேலை எடுக்க, வெளியூரிலிருந்து வந்த அவள் வீட்டாருடன் நாங்களும் ஒரு பெரிய கடைக்குப் போனோம். உட்கார்ந்த உடனே பாதாம் பால் வந்தது. பால் சுண்டி, குங்குமப்பூ மிதந்து, ஜில்லென்று. அடுத்து முறுக்கு. அதற்கடுத்து காபி. வெளியூர்க் கல்யாணப் பார்ட்டி என்றால் இந்த உபசாரம். (உள்ளூர்க்காரர் போனால், "இன்னாம்மா, யாருக்கு?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் கேன் இருக்கும் திசையைக் காட்டுவார்கள்.) நான் டம்ளரைக் கீழே வைத்தேன். செந்தில் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எட்டுப் பொருத்தமும் அந்த ஒரு பார்வைக்குள் அடங்கிவிட்டன.

அதற்கப்புறம் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கோயம்புத்தூர் சொந்த ஊராகிவிட்டது. செந்திலின் தங்கைக்குக் கல்யாணம். (அவருக்குத் தங்கையே கிடையாது.) கோயம்புத்தூர் தமிழை அவர் டிவி சீரியல் பார்த்துக் கற்றுக்கொண்டார். எந்தச் சொல்லின் வாலிலும் ஒரு 'ங்க' ஒட்டிவிட்டால் போதும் என்பது அவர் முடிவு. ஒரு கடையில் மின்விசிறியைப் பார்த்து, "ஃபேனுங்க நல்லா சுத்துதுங்க" என்றார். விற்பனையாளர் அதற்கும் தலையாட்டினார்.

உள்ளே போவது சுலபம். வெளியே வருவதுதான் கஷ்டம். நாற்பது சேலையைப் பிரித்துப் போட்டவரிடம் சும்மா எழுந்து போக முடியுமா? அதற்கு வழி சொல்லிக்கொடுத்தது நான்தான். நெசவாளி மகள் அல்லவா, தொழில் ரகசியம் தெரியும். சேலையின் உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் நெய்து, இழையோடு இழை பூட்டுவார்கள். அந்தப் பூட்டுக்குப் பெயர் கோர்வை. பூட்டு சரியாக விழாவிட்டால் 'கோர்வை விட்டிருக்குது' என்பார்கள். கடைசிச் சேலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, முகத்தைச் சுளித்து, "கோர்வை விட்டிருக்குதுங்க, அம்மாவைக் கூட்டியாந்து இன்னொரு நாள் பாக்கறமுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து விடுவது. சமைத்தவளிடம் போய்க் குழம்பில் பல்லி கிடக்கிறது என்று சொல்வதற்குச் சமமான பேச்சு அது. அது தெரிந்தேதான் சொல்லிக்கொடுத்தேன். புத்தி அப்படி.

எங்களுக்கு ஒரே ஒரு விதி உண்டு. அப்பா நெய்து கொடுக்கும் முதலாளியின் கடைப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கக்கூடாது. அந்த முதலாளியை நான் நேரில் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்குக்கூட ஆள் மூலம்தான் மொய் அனுப்பினார். ஆனால் அவர் கடைப் பெயர் எனக்கு மனப்பாடம்.

அந்த முதலாளி தன் பேத்தியின் பெயரில் காந்தி ரோட்டில் புதிதாக ஒரு ஷோரூம் திறந்திருந்தது எனக்குத் தெரியாது.

புதுக் கடை என்றதும் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கெல்லாம் ஆஜராகிவிட்டோம். ஐயோ, அந்த உபசாரத்தை நான் எப்படிச் சொல்வேன்! திறப்பு விழா வாரமாம். வாசலில் பன்னீர் சோடா. உட்கார்ந்ததும் மந்தாரை இலையில் கோயில் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் மூக்கில் ஏற, மேலே மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும். நாலு துண்டு சாப்பிட்டேன். (செந்தில் ஆறு.) பாதாம் பால் வந்தது. காபி வந்தது. கிளம்பலாம் என்று நான் கண்ணைக் காட்டிய நேரத்தில், அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த மைசூர் போண்டா ஒரு தட்டு நிறைய வந்தது.

"நீங்க ஆரம்பிங்க, நான் ஒண்ணே ஒண்ணு" என்று செந்திலிடம் கிசுகிசுத்துவிட்டு, ஒரு போண்டாவை முழுசாக வாயில் போட்டேன். பிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். சின்ன வயசிலிருந்தே எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அந்த நேரத்தில் விற்பனையாளர் கடைசிச் சேலையை விரித்தார். கத்தரிப்பூ நிற உடல், மாம்பழ நிறக் கரை. எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று முந்தியின் ஓரத்தைப் பார்த்தேன். அங்கே இரண்டே இரண்டு இழை பச்சை ஓடியது.

முந்தி முடிகிற இடத்தில் இரண்டு இழை பச்சை விடுவது ஊரிலேயே ஒரு ஆள்தான். என் அப்பா. பொங்கலுக்குப் போயிருந்தபோது அந்தச் சேலையைத் தறியிலேயே பார்த்திருக்கிறேன்.

செந்தில் சேலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"ம்ம்ம்! ம்ம்ம்ம்!" என்றேன் நான்.

போண்டாவுக்குள் நெருப்பு இருந்தது. மெல்ல முடியவில்லை, விழுங்க முடியவில்லை. துப்பலாம் என்றால் என்னைச் சுற்றி நாலு பக்கமும் பட்டு. கண்ணில் தண்ணீர் கொட்ட, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன்.

"பாருங்க" என்றார் செந்தில் பெருமையாக. "எங்கூட்டு அம்மணியே கண்ணு கலங்கிட்டாங்க. கோர்வை படு மோசமுங்க. இதை நெய்ஞ்சவருக்குக் கண்ணு தெரியுமாங்க?"

(கடைசி வாக்கியம் நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. அது அவருடைய சொந்தச் சரக்கு.)

"யாரு சார் அது, கோர்வையில குத்தம் சொல்றது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வெள்ளை வேட்டி, தங்கக் கண்ணாடி. விற்பனையாளர் எழுந்து நின்று "முதலாளி" என்றார். முதலாளி சேலையை வாங்கிப் பார்த்தார். "இது நம்ம பிள்ளையார்பாளையத்து ஏகாம்பரம் நெய்ஞ்சது. பதினெட்டு வருஷமா எனக்கு நெய்யறாரு. இதுவரைக்கும் ஒரு சொல்லு வந்தது கிடையாது" என்றார். ஏகாம்பரம் என்பது என் அப்பாவின் பெயர். பிள்ளையார்பாளையத்தில் தெருவுக்கு நாலு ஏகாம்பரம் உண்டு என்பதால் செந்திலுக்கு அது உறைக்கவில்லை.

அதற்குள் போண்டா ஒருவழியாக இறங்கிவிட்டது. "சார், சேலை நல்லாத்தான் இருக்குது சார்" என்றேன், நாக்கு வெந்துபோய்.

"உங்களுக்கு நல்ல மனசும்மா. தொழிலுக்கு அது ஆவாது. புதுக் கடை, இந்தப் பேச்சு வெளிய போச்சுன்னா என் பேரு என்னாவறது? வாங்க, நெய்ஞ்சவர் வூட்டுக்கே போவலாம். அவரு எதிர்லயே காட்டுங்க. நெஜமாவே விட்டிருந்துச்சுன்னா, இனிமே அவருக்கு என் கடைப் பாவு கிடையாது."

தறியில் ஏற்றுகிற பாவு நூலை அவர் கொடுக்காவிட்டால் அப்பாவின் தறி சும்மா கிடக்கும். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவமானத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் அதற்காக எனக்கு என்மேல் கோபம் வருகிறது. வாயில் போண்டா இருந்தபோது பேசத் துடித்தவள், வாய் காலியானதும் ஊமையாகிவிட்டேன்.

"வேண்டாமுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றார் செந்தில்.

"கார்லயே பஸ் ஸ்டாண்டுல விட்டுடறேன் சார்" என்றார் முதலாளி. சேலையோடு நாங்களும் காரில் ஏற்றப்பட்டோம்.

"ஏன் முகம் பேயறைஞ்சாப்ல இருக்குது? யாரு வூட்டுக்குப் போறோம்?" என்று செந்தில் என் காதில் கேட்டார்.

"உங்க மாமனார் வூட்டுக்கு" என்றேன்.

அவருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. பன்னீர் சோடா விக்கல், காரையே ஒரு ஆட்டு ஆட்டும். கார் எங்கள் தெருவில் திரும்பியபோது நான் முந்தானையால் தலையை மூடிக்கொண்டேன். எதிர்வீட்டு அக்கா அப்படியும் கண்டுபிடித்து, உற்சாகமாகக் கையை ஆட்டினார்.

அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து வெளியே வந்தார். முதலாளியைக் கும்பிட்டார். பின்னாலேயே இறங்கிய எங்களைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், முதலாளி பேச ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டார்.

"ஏகாம்பரம், இவங்க கோயம்புத்தூர் பார்ட்டி. நீ நெய்ஞ்ச கத்தரிப்பூ சேலையில கோர்வை விட்டிருக்குதுன்றாங்க. நெய்ஞ்சவருக்குக் கண்ணு தெரியுமான்னு வேற கேக்கறாங்க."

அப்பா அதிகம் பேசாத மனிதர். செந்திலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். செந்தில் போட்டிருந்த சட்டை, தலை தீபாவளிக்கு அப்பாவே எடுத்துக் கொடுத்தது.

"கோயம்புத்தூருங்களா?" என்றார் அப்பா.

"ஆமாங்... ஹிக்... க."

"சட்டை நல்லா இருக்குது. அந்த ஊர்ல எடுத்ததா?"

செந்தில் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்பா உள்ளே போய் இழை எண்ணுகிற கண்ணாடியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். "எங்க விட்டிருக்குதுன்னு காட்டுங்க சார். எனக்குத்தான் கண்ணு தெரியாதே" என்றார். செந்தில் மண்டியிட்டு, சேலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் அந்தக் கண்ணாடியை வைத்துக்கொண்டு விக்கியபடியே ஊர்ந்தார். என் அப்பாவின் கையால் விழுந்த கோர்வை. அதில் ஒரு இழை பிசகவில்லை. நான் தலையைக் குனிந்து நின்றேன்.

ஒரு விஷயத்தை நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டிருந்தோம். கோர்வைச் சேலையை ஒரே ஆள் நெய்ய முடியாது. கரை நூலைக் கொண்டுபோகிற நாடாவைத் தள்ள, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் என் அம்மா.

"எவன்யா அது, என் கோர்வை விட்டிருக்குதுன்னு சொன்னவன்?" என்று சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள் அம்மா. "இருவது வருஷமா நாடா தள்றேன், எந்தக் கழிசடை..."

மண்டியிட்டிருந்த கழிசடை தலையைத் தூக்கிப் பார்த்தது.

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. "ஐயய்யோ, மாப்ளையா!" என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வாங்க மாப்ளே, எப்ப வந்தீங்க? இன்னாத்துக்குத் தரையில இருக்கீங்க? சாப்டீங்களா?" அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "மாப்ளையா?"

"பொண்ணும் மாப்ளையும்தான் முதலாளி" என்றார் அப்பா. "இன்னா விஷயம்னு எனக்கும் தெரியல. சேலையில தப்பில்ல."

நான் அழுதுவிட்டேன். பாதாம் பாலில் ஆரம்பித்துப் போண்டா வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன். "நாங்கதான் சார் தின்னிப் பண்டாரங்க. எங்கப்பா பாவை நிறுத்திடாதீங்க" என்றேன். சொல்லச் சொல்ல அம்மா கரண்டியாலேயே தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "இதுவரைக்கும் எத்தினி கடை?" என்றார்.

"பதினொண்ணு சார்."

"எங்க பாதாம் பாலு எத்தினியாவது?"

அந்த நேரத்தில் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் எனக்குப் பொய் வராது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணாவது சார். குங்குமப்பூ தாராளமா போடறீங்க, பாலு சுண்டலை" என்றேன்.

"போண்டா?"

"அதுல நீங்கதான் சார் முதல்."

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் தறி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏகாம்பரம், நாளைக்கு வந்து அடுத்த பாவை எடுத்துக்கினு போ" என்றார். அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் மட்டும் குலுங்கியது.

தண்டனையை அம்மா கொடுத்தாள். எல்லோருக்கும் இலை போட்டாள். மோர்க்குழம்பு, வடை, உருளைக்கிழங்கு. "போதும்மா" என்று நான் கையைக் குறுக்கே வைத்தேன். "பதினொரு கடையில திங்க எடம் இருந்துச்சு, பெத்தவ வூட்ல திங்க மட்டும் எடம் இல்லையா?" என்று கேட்டு இன்னொரு கரண்டி போட்டாள். மாப்பிள்ளைக்கு மரியாதை அதிகம் என்பதால் அவருக்கு மூன்று கரண்டி. அன்றைக்கு நாங்கள் வீட்டுக்கு நடந்தே போனோம். பைக் காந்தி ரோட்டில் நின்றுகொண்டிருந்தது சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து பிள்ளையார்பாளையத்தில் செந்திலுக்குப் பெயர் கோயம்புத்தூர் மாப்பிள்ளை. சொந்தக்காரர் கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்தால், "கோயம்புத்தூர்க்காரருக்குப் பாத்துப் போடுப்பா, குத்தம் சொல்லுவாரு" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். பாவம், அவர் இன்றைக்கு வரைக்கும் கோயம்புத்தூரைப் பார்த்ததே இல்லை.

அடுத்த வருஷம் எனக்கு வளைகாப்பு. அம்மா வீட்டிலிருந்து பதினொரு தட்டு வந்தது. முதல் தட்டில் அந்தக் கத்தரிப்பூ சேலை. முதலாளியிடம் சொல்லி அப்பா எனக்காக எடுத்து வைத்திருந்தாராம். "கோர்வை விட்டிருக்குதாம், பரவால்ல கட்டிக்கோ" என்றார் என்னிடம். நான் சேலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். வாயில் எதுவும் இல்லாமலேயே பேச்சு வரவில்லை.

பதினொன்றாவது தட்டை அப்பா தன் கையாலேயே செந்திலிடம் நீட்டினார். அதில் இழை எண்ணுகிற கண்ணாடியும், பக்கத்தில் ஒரே ஒரு மைசூர் போண்டாவும் இருந்தன. செந்தில் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போண்டாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "குத்தம் ஒண்ணும் இல்லைங்க மாமா" என்று சொல்லிவிட்டு, பிட்டுத்தான் சாப்பிட்டார்.