போய் வாருங்கள் என்று ஒரு படம்

எழுத்தை வைத்துப் படம் போடுகிறேன் என்று சொல்கிறவளுக்கு இந்த உலகத்தில் கிடைக்கிற பதில் ஒன்றுதான். "அப்ப கடை போர்டெல்லாம் எழுதுவீங்களா?" ஆரம்பத்தில் இல்லை என்று விளக்கினேன். பிறகு கொஞ்ச காலம் சிரித்து மழுப்பினேன். இப்போதெல்லாம் "ஆமாங்க, எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். விளக்குவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

நான் ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் டீச்சராக இருந்தேன். ஓவியப் படிப்பு படித்தபோது நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் புத்தகம் கையில் கிடைத்தது. அதில் சொற்களையே படமாக அடுக்கி வைத்திருந்தார்கள். மழை என்று எழுதினால் அது மழையாகவே பெய்ய வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அந்தக் காலத்துப் புலவர்கள் தேர் வடிவத்தில் கட்டம் போட்டுப் பாட்டு எழுதினார்களே, அதற்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. லினோ ஷீட் என்கிற ரப்பர் மாதிரி விரிப்பு வாங்கி, எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்கி, மை தடவித் தாளில் அழுத்தி எடுப்பேன். 'கிணறு' என்று ஒரு படம். அதில் கடைசி எழுத்து தாளின் அடியில் தன்னந்தனியாகக் கிடக்கும். 'பஞ்சு' என்று ஒரு படம், எழுத்தெல்லாம் பறக்கும். பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு, "பாவம், டீச்சருக்கே எழுத்து நேரா வரல" என்று தெருவில் சொன்னார்.

என் கணவர் கணேசன் அப்போது ஒரு மில்லில் சூப்பர்வைசர். எண்பதுகளின் கடைசி அது. ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"ஏட்டி செல்வி, எங்க மாஸ்டர் ரிட்டையர் ஆவுதாவ. ஸ்ரீவில்லிபுத்தூர்ல மண்டபம் புடிச்சு விழா வைக்கோம். வாழ்த்து மடல் நீ போட்டுக் குடுப்பேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

மாஸ்டர் என்றால் ஸ்பின்னிங் மாஸ்டர், நூல் நூற்கிற பிரிவுக்கே தலைவர். மெஷின் சத்தத்தை மீறிக் கேட்கிற தொண்டை அவருக்கு. அவர் வருகிறார் என்றால் நூல்கூட அறுந்து போகாமல் ஓடும் என்பார்கள். (எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர், பந்தியில் சாம்பார் வாளி தூக்கியவரைத் திட்டிவிட்டுத்தான் போனார்.)

"கடையில போட்டுக்கலாமே. ரெண்டு பக்கமும் மயில் வச்சு, நடுவுல கருணைக் கடலேன்னு அடிச்சுக் குடுப்பாங்க" என்றேன்.

"அது எல்லாரும் குடுக்கிறது. அவிய எடம் காலியானா கீழ ஒவ்வொருத்தரா மேல ஏறுவோம். போறதுக்கு முன்னாடி முதலாளிகிட்ட எம்பேரை ஒரு வார்த்தை சொன்னா போதும். நம்மது தனியாத் தெரியணும்லா?"

தனியாகத் தெரிய வேண்டுமாம். ஒரு கலைஞியிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது.

என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. மாஸ்டர் மில் வாசலைத் தாண்டி நடந்து போகிறார். நாம் "போய் வாருங்கள்" என்று கூப்பிட்டுச் சொல்கிறோம். அவர் போகப் போகக் குரல் தேய்கிறது. வரிக்கு வரி எழுத்துகள் உதிர்கின்றன. நினைத்தபோது எனக்கே கண் கலங்கியது. உட்கார்ந்து செதுக்கினேன்.

போய் வாருங்கள்
போய் வாருங்க
போய் வாரு
போய் வா
போய்
போ

முதலில் எழுத்துகள் சிறிதாகிக்கொண்டே போய், கடைசி எழுத்து தூரத்துப் புள்ளியாகத் தெரிவதாகத்தான் திட்டம். அவ்வளவு சின்ன எழுத்தைச் செதுக்கக் கத்தி ஒத்துழைக்கவில்லை. இரண்டு தடவை 'போ' சில்லாகப் பெயர்ந்து போயிற்று. சரி, ஒவ்வொரு வரியும் தாளின் முழு அகலத்துக்கு வரட்டும், எழுத்து குறையக் குறையப் பெரிதாகட்டும் என்று மாற்றிவிட்டேன். போகிறவர் தூரமாகப் போகப் போகப் பிரிவு பெரிதாகிறது இல்லையா? (கைக்கு வராததைத் தத்துவமாக்குவது எங்கள் தொழிலில் உள்ளதுதான்.) ஆக, உச்சியில் 'போய் வாருங்கள்' விரலளவு உயரத்தில் அடக்கமாக இருந்தது. அடியில் 'போ' மட்டும் பாதித் தாளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிரிவுத் துயரம் என்பதால் அதற்குச் சிவப்பு மை.

கண்ணாடிச் சட்டம் போட்டு வந்ததும் கணவர் வெகுநேரம் பார்த்தார்.

"பேரு எங்க?"

"பேர் கிடையாது. பேர் போட்டா இது வெறும் மடல் ஆயிரும்."

"மயிலு?"

"கிடையாது."

"நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்தக் குரலை வைத்தே நான் சுதாரித்திருக்க வேண்டும். எனக்கோ அன்று காது வேலை செய்யவில்லை.

விழாவன்று பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் யார் முழங்கையும் பட்டுவிடாமல் மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தோம். மண்டபம் நிரம்பியிருந்தது. முன் வரிசையில் முதலாளி. மேடையில் மாலையோடு மாஸ்டர், பக்கத்தில் பட்டுச்சேலையில் அவர் மனைவி. அந்தம்மா வாயைத் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை என்று மில்லில் சொல்வார்கள். பின் வரிசைகளில் தொழிலாளர்கள்.

மைக் பிடித்தவர் மில் கிளார்க் சுப்பையா அண்ணாச்சி. மைக் கையில் இருந்தால் பஸ் டைம்டேபிளைக்கூட ஏற்ற இறக்கத்தோடு வாசித்துவிடுவார். வாழ்த்து மடல் என்றால் அதை வாசித்துத்தான் கொடுப்பது வழக்கம். என் படத்தை வாசிக்கக்கூடாது என்று அவரிடம் சொல்ல வேண்டும் என எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

சேலையைப் பிரித்தார். பார்த்தார். வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று சட்டத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"போய் வாருங்கள்!"

கைதட்டல்.

"போய் வாருங்க!"

கொஞ்சம் குறைவாகக் கைதட்டல்.

"போய்... வாரு."

விசிறிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"போய் வா."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒவ்வொரு வரிக்கும் மரியாதை ஒரு படி இறங்கிக்கொண்டிருப்பது எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. இத்தனை நாள் கண்ணால் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேனே!

"போய்..." என்று இழுத்துவிட்டு சுப்பையா அண்ணாச்சி நின்றார். கீழே என் கணவரைப் பார்த்தார். கணவர் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் வேகமாக ஆட்டினார். மேடையிலிருந்து பார்க்கிறவருக்கு அது 'நல்லா சத்தமா' என்று தெரிந்திருக்க வேண்டும். அண்ணாச்சி மூச்சை இழுத்துப் பிடித்து, மாஸ்டர் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"போ!"

அந்த மண்டபத்துக்கு எதிரொலி உண்டு. இன்னும் இரண்டு தடவை அதுவும் சொன்னது.

பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு விசில். அப்புறம் மொத்தப் பின் வரிசையும் எழுந்து நின்று கைதட்டியது. "ஏலே, நம்ம மனசுல கெடந்தத அம்புட்டுப் பேருக்கும் சேத்து ஒத்த எழுத்துல சொல்லிப்புட்டாவலே!" என்று ஒரு குரல். முதலாளி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மாஸ்டர் கேட்டார். "யாரு போட்டது இத?"

"நம்ம கணேசன் சம்சாரம்" என்றார் அண்ணாச்சி. மைக்கிலேயே.

அந்த இடத்தில் புத்தியுள்ளவள் மயங்கி விழுந்திருப்பாள். நான் மேடை ஏறினேன். விளக்கம் சொல்லத்தான்.

"சார், இது ஒரு மாதிரி கவிதை சார். இதை வாசிக்கக்கூடாது, பாக்கணும்."

மாஸ்டர் சட்டத்தை வாங்கிக் கையை நீட்டி வைத்துப் பார்த்தார். "பாத்தாலும் போன்னுதானம்மா இருக்கு" என்றார்.

"இல்ல சார், நீங்க தூரமாப் போகப் போக..."

"பெருசா வேற இருக்கு."

அதற்கு மேல் என்னிடம் கலை இல்லை. இறங்கிவிட்டேன். பந்தியில் எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு பக்கத்திலும் இலை காலியாக இருந்தது. எதிர்ப் பந்தியிலிருந்து தொழிலாளர்கள் மட்டும் எங்களுக்குப் பாயசம் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். படம் என்ன ஆயிற்று என்று கேட்கும் தைரியம் வரவில்லை. ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் கணவர், "ரெண்டு மயில் போட்டிருக்கலாம்லா" என்றார்.

கணவர் எதிர்பார்த்த பதவி தளவாய்புரத்துக்காரர் ஒருவருக்குப் போனது. அவர் கொடுத்த மடலில் நாலு மயில். கணவர் பழைய ஷிப்டிலேயே இருந்தார். தூங்கும்போது என் பக்கம் முதுகு காட்டிப் படுக்கிற பழக்கம் கொஞ்ச காலம் இருந்தது. நான் லினோ கத்தியைத் தகர டப்பாவில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பள்ளிக்கூடத்தில் மாம்பழமும் தேசியக்கொடியும் வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு காலம் தள்ளினேன்.

அடுத்த வருஷம் ஸ்கூல் வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆபீசுக்குப் போனபோது, முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். "ஏட்டி, நீ போ டீச்சர்தான?"

மாஸ்டரின் மனைவி. பேசவே மாட்டார் என்று சொன்ன அதே அம்மா. ஓடலாமா என்று யோசிப்பதற்குள் கையைப் பிடித்துவிட்டார். "செத்த நேரம் வீட்டுக்கு வந்துட்டுப் போ" என்று இழுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் சமையலறை வாசலுக்கு மேலே என் படம் தொங்கியது. கண்ணாடி துடைத்துப் பளிச்சென்று இருந்தது.

"ரிட்டையர் ஆன மறுநாள்லருந்து இங்கனதாம்மா வந்து நிக்காவ" என்றார் அந்தம்மா. "அடுப்பு ஏன் இம்புட்டு எரியுது, கத்திரிக்காக் காம்புல எம்புட்டு வேஸ்ட்டுன்னு ஒரே கேள்வி. மில்லுன்னு நெனப்பு. எதுத்துப் பேசி எனக்குப் பழக்கம் இல்ல. ஒரு நாள் பொறுக்க முடியாம கரண்டியை இதுக்கு நேரா நீட்டிட்டேன். படிச்சாவ. பேசாமச் சாய்வு நாற்காலியில போய் உக்காந்துட்டாவ. அன்னையில இருந்து இப்படித்தான்."

"எப்பவும் கடைசி வரியா?" என்று கேட்டேன்.

"சேச்சே. ஆளுக யாராச்சும் இருந்தா மொத வரி. சாதாரண நாள்னா நாலாவது, 'போய் வா'. கடைசி வரி, அவிய உப்புப் பாக்குறேன்னு மூடியைத் தொறந்தா மட்டுந்தான்."

சொல்லி முடிப்பதற்குள் மாஸ்டர் வந்துவிட்டார். என்னை அடையாளம் தெரிந்து முகம் சுருங்கியது. பிறகு அடுப்பைப் பார்த்தார். "பால் பொங்கப் போவுது, யாரு பாக்..." அந்தம்மா திரும்பாமலே கரண்டியைத் தூக்கினார். விருந்தாளி இருந்ததால் முதல் வரிதான். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எனக்கு அன்று ரொம்ப நாள் கழித்து உடம்பு லேசாக இருந்தது. வாசிக்காமல் பார்க்க வேண்டும் என்று மேடையில் உளறினேனே, அதை ஒரு குடும்பம் தினமும் மூன்று வேளை செய்துகொண்டிருந்தது.

கிளம்பும்போது அந்தம்மா தன் தங்கச்சிக்கும் ஒன்று கேட்டார். தங்கச்சி வீட்டுக்காரரும் அந்த வருஷம் ரிட்டையராம். பிறகு எதிர்வீட்டுக்கு. பிறகு செட்டியார்பட்டியில் யாரோ ஒரு சம்பந்திக்கு. அச்சுப் பலகை தேய்ந்து எழுத்து மங்கும்வரை அடித்துக் கொடுத்தேன். 'கிணறு'ம் 'பஞ்சு'ம் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன. அதற்கப்புறம் எத்தனையோ படம் போட்டேன், வெளியூரில் கண்காட்சிகூட வைத்தேன். இந்த வட்டாரத்தில் நான் போ டீச்சர். என் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், "போ டீச்சர் பேத்தியா?" என்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.

என் கணவரும் ரிட்டையர் ஆகிவிட்டார். இதை எழுத உட்கார்ந்த நேரத்தில் பின்னால் வந்து நின்று, "என்ன எழுதுத? என்னப் பத்தியா? நான் கையாட்டினத எழுதாத" என்று ஆரம்பித்தார். நான் தலையைத் தூக்கவில்லை. அந்தம்மாவின் கரண்டி மாதிரி இடது கையை மட்டும் நீட்டினேன்.

"எத்தனாவது வரி?" என்றார்.

விரல்களைக் காட்டினேன்.

எண்ணிப் பார்த்துவிட்டு, "சரி, நாலுதான். அப்பம் காபிக்கு வந்துருதேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.