பரீட்சையை நிறுத்திய வாத்தியார்

தியாகராசா வாத்தியாரின் மேசை மேல் ஒரு கிரேன் நின்றது. மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிச் செய்தது. கைப்பிடியைச் சுற்றினால் டஸ்டரை அலுங்காமல் தூக்கி இறக்கியது.

"ஆர் செய்தது, பிள்ளை?"

"எங்கப்பா சார்," என்றாள் கண்மணி, கொஞ்சமும் கூச்சப்படாமல். அவள் அப்பா அழகப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.

ஆராய்ச்சி வேலையென்று அவள் கொண்டுவந்தது அது. உயர்நிலை மூன்றாம் வகுப்புக்கு இந்த வருஷம் பரீட்சை கிடையாது, பிள்ளைகளே தலைப்பெடுத்து ஆராய்ச்சி செய்வார்கள் என்று சிராங்கூன் ரோடு முழுக்க மார்தட்டியவர் அவர். தலைமையாசிரியர் துரைசாமி அரைமனதோடுதான் சம்மதித்திருந்தார். பள்ளி இன்ஸ்பெக்டர் வரும்போது பிள்ளைகளின் சொந்த வேலையாக ஒன்றும் இல்லாவிட்டால் திங்கட்கிழமையே பரீட்சை; வாத்தியாருக்குத் தீவுப் பள்ளிக்கு மாற்றல். இவருக்கோ தீவுக்குப் போகிற சம்பான் படகைப் பார்த்தாலே குமட்டும்.

அதற்காக அசைகிற ஆளா? இனி வீட்டில் யாரும் ஆராய்ச்சி செய்யக்கூடாது, எல்லாம் பள்ளியில்தான் என்று உத்தரவு போட்டார்.

மறுநாள் பெற்றோர் பள்ளிக்கே வந்துவிட்டார்கள். ஷிப்டு முடிந்த அப்பாக்களும் டிபன் கேரியரோடு அம்மாக்களும் பெஞ்சுகளைப் பிடித்துக்கொள்ள, பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கினார்கள். பஃபலோ ரோட்டுப் பால்காரர் மாணிக்கம், மகனுக்காகப் பாலைப் பற்றி விளக்க வேண்டுமென்று பசுவையே ஓட்டிக்கொண்டு வந்தார். அது பள்ளித் தோட்டத்துக் கீரைப் பாத்தியை அடியோடு ஆராய்ந்து முடித்தது.

வாத்தியார் யோசித்தார். மார்க்குக்குத்தானே இப்படி ஆலாய்ப் பறக்கிறார்கள்? மார்க்கே கிடையாது என்று அறிவித்தார். கெட்டது குடி.

"மார்க்கு இல்லன்னா யாரு ஃபர்ஸ்ட்டுன்னு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டார் அழகப்பன். பதிலுக்குக் காத்திராமல் பெற்றோரே ஒரு கமிட்டி போட்டு, தங்களுக்குத் தாங்களே மார்க்குப் போட ஆரம்பித்தார்கள். பசுவைவிடக் கிரேனுக்கு மார்க்குக் குறைந்துபோனதில் அழகப்பனும் மாணிக்கமும் சட்டையைப் பிடித்துக்கொண்ட நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தார்.

துரைசாமி தலையில் கைவைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை பரீட்சை, தியாகராசா. நீங்க பெட்டியக் கட்டுங்க."

ஆனாலும் மனுஷன் விடவில்லை. வெளியேறப் போன இன்ஸ்பெக்டரை வாசலிலேயே மறித்து, பிள்ளைகளையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள் என்று மன்றாடினார். இன்ஸ்பெக்டர் சலிப்போடு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"எல்லாத்தையும் பெத்தவங்களே செஞ்சிருக்காங்க. அப்ப நீங்க என்னதான் ஆராய்ச்சி பண்ணீங்க?"

கண்மணி ஓரடி முன்னால் வந்தாள்.

"வகுப்புக்கே ஒரே தலைப்புதான் சார்: பரீட்சைய நிறுத்திட்டா பெத்தவங்க என்ன ஆவாங்க?"