பாலத்து வேலையை நான் வேண்டாமென்ற விதம்

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்கா இங்க்ரிட் அவர்களுக்கு, தம்பி எய்னார் வணக்கத்துடன் எழுதுவது.

நியூ ஜெர்சியில் நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே அம்மா மோசமில்லை. ஏரியில் பனி மோசமில்லை, மெலிந்துவிட்டது, அவ்வளவுதான். நானும் மோசமில்லை. மினசோட்டாவில் ஒருவன் "மோசமில்லை" என்றால் அவனுக்கு லாட்டரி விழுந்திருக்கலாம், இல்லை கால் முறிந்திருக்கலாம் என்பது உனக்கு மறந்திருக்காது. எனக்கு லாட்டரி விழவில்லை.

ஈஸ்டருக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். அவ்வளவு தூரம் எதற்கு? சாலையெல்லாம் சேறு. வர வேண்டாம்.

விஷயம் இதுதான். வேலையை விட்டுவிட்டேன். விடவும் இல்லை.

பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தேன். மனிதனின் சுயேச்சையைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கினேன். அந்தக் கையோடு வெர்லின் ஸ்ட்ரோம்க்விஸ்டின் காப்பீட்டு அலுவலகத்தில் தற்காலிகமாக உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

வேலை சுலபம். உறைந்த ஏரியின்மேல் நிறுத்தின மீன்பிடிக் குடிசையோ வண்டியோ பனி உடைந்து முழுகினால் நாங்கள் பணம் தர வேண்டும். கேட்டால்தானே தருவது? போன வாரம் டுவெய்ன் க்வாலே தொலைபேசியில் வந்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் தம்பி. வண்டி கொஞ்சம் நனைஞ்சு போச்சு."

"எவ்வளவு நனைஞ்சுதுங்க?"

"அதிகமில்ல. கூரை வரைக்கும்தான்."

"நஷ்ட ஈடு எழுதட்டுமா?"

"ஐயையோ, எனக்கெதுக்கு? பாவம், உங்களுக்குத்தான் வேலை."

இப்படியே என் நாட்கள். வேண்டும் என்று சொல்லத் தெரியாதவர்களிடம், அதைச் சொல்லத் தெரியாத ஒருவன், சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று கெஞ்சுவது.

வெர்லின் தங்கமான மனிதர். டிசம்பரில் என் மேசையை வாசற்கதவுக்குப் பக்கத்தில் நகர்த்திக் கொடுத்தார், காற்றோட்டமாக இருக்குமாம். யார் உள்ளே வந்தாலும் வட துருவம் என் முதுகில் ஏறி இறங்கியது. கிறிஸ்துமஸுக்கு மற்றவர்களுக்கெல்லாம் பாலாடைக்கட்டி, எனக்கு மட்டும் சக்கரம் வைத்த பெரிய பயணப் பெட்டி. எவ்வளவு பாசம் பார். ஜனவரியில் ஒரு காலை, என் காப்பிக் கோப்பைக்கு அடியில் செய்தித்தாள் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மேசையில் கறை படியக் கூடாதென்று யாரோ வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். படித்துப் பார்த்தால், சுப்பீரியர் ஏரித் துறைமுகத்தில் தூக்குப் பாலத்தை இயக்க ஆள் தேவையாம்.

அந்தப் பாலம் உனக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பா கூட்டிப்போய்க் காட்டியது. கப்பல் வருகிறது. ஊதுகிறது. பாலமும் அதே மாதிரி ஊதிவிட்டு மேலே எழுகிறது. கேள்வி, பதில். நடுவில் காப்பி இல்லை, வானிலைப் பேச்சு இல்லை, "உங்களுக்குச் சிரமம்" இல்லை.

போனேன். துறைமுக மேலாளர் கார்மெலா பெட்ரோசெல்லி. உங்கள் நியூ ஜெர்சிக்காரி, வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாலத்தின் நடுவில் இருக்கும் அறைக்குக் கூட்டிப்போனார்.

"ஊதிப் பாருங்க," என்றார்.

ஊதினேன். என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. கரையில் ஒரு நாய் எழுந்து உட்கார்ந்தது. அக்கா, என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் சத்தம் அது.

இனிதான் கதை. அவ்வளவு உறுதியோடு திரும்பினேனா, மறுநாள் காலையிலேயே வெர்லின் வீட்டுக்குப் போய், நான் வேலையை விடலாமென்று இருக்கிறேன், உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால், என்று நம்மூர் அளவில் ஒரு வெடிகுண்டைப் போட்டேன், அவர் "அட, என்னப்பா அவசரம், இருக்கலாமே" என்றார், நான் இல்லை போகத்தான் வேண்டும்போல் இருக்கிறது என்று இழுத்தேன், அவர் "உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா, உக்காரு" என்றார், உட்கார்ந்தேன், காப்பி வந்தது, குடித்தேன், எழுந்து வாசல் வரை வந்தோம், வாசலில் பனி உருகுவதைப் பற்றிப் பேசினோம், அப்புறம் கார் வரைக்கும் கூடவே வந்து கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு அவர் மச்சான் வாங்கின டிராக்டரைப் பற்றி ஆரம்பித்தார், அதற்குள் அவர் மனைவி பெர்னடீன் ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு பெரிய தட்டு ஹாட்டிஷை என் மடியில் வைத்துவிட்டார், கறியும் உருளைக்கிழங்கும் கொதிக்கக் கொதிக்க, தொடை வெந்துபோச்சு, தட்டைத் திருப்பித் தர மறுபடி வரணும் இல்லையா, கழுவாம தர முடியுமா, வெறும் தட்டா தர முடியுமா, ஆக, மறுநாள் நான் எலுமிச்சைக் கேக் செய்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே போய் உட்கார்ந்திருந்தேன். என் ராஜினாமா அப்படி முடிந்தது.

உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. பெட்ரோசெல்லி.

"வேலை உங்களுக்குத்தான். வர்றீங்களா?"

நீ ஊரை விட்டுப் போய் நாளாகிவிட்டது, அதனால் நினைவூட்டுகிறேன். இங்கே எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்பது மரியாதை. மூன்றாவது தடவை, சரி, இவ்வளவு சொல்கிறீர்களே என்று வாங்கிக்கொள்ள வேண்டும். நீ முதல் தடவையிலேயே காப்பியை வாங்கிக் குடித்ததை லூத்தரன் கோவிலில் இன்னும் பேசுகிறார்கள்.

"ஐயோ, எனக்கெதுக்குங்க? என்னைவிட நல்ல ஆளுங்க எத்தனையோ பேரு இருப்பாங்க."

"என்னது?"

"இல்லீங்க, வேணாம். உங்களுக்கு வீண் சிரமம்."

நான் புன்னகையோடு காத்திருந்தேன். மூன்றாவது தடவைக்கான பதில் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. குரலில் கொஞ்சம் வெட்கம்கூடச் சேர்த்து வைத்திருந்தேன்.

"சரி. நன்றி," என்றார் பெட்ரோசெல்லி. வைத்துவிட்டார்.

இணைப்பு அறுந்த தொலைபேசியை வெகுநேரம் காதில் வைத்திருந்தேன். எதிர் மேசையிலிருந்து வெர்லின் எட்டிப் பார்த்தார்.

"யாருப்பா அது?"

"பாலத்துல இருந்து."

"என்னவாம்?"

"மோசமில்ல."

அவர் முகம் ஏனோ சுருங்கிப்போயிற்று. என்மேல் அவ்வளவு அக்கறை.

ஒன்று புரிகிறது. விரும்பிய வேலையிடம் வேண்டாம் என்றேன், அது நம்பிவிட்டது. விரும்பாத வேலையிடம் வேண்டாம் என்றேன், அது நம்பவில்லை. இரண்டு இடத்திலும் நான் பேசியது ஒரே மொழி. ஆகவே இங்கேயே இருந்துவிடுவது என்று தீர்மானித்தேன். கதவோரக் குளிர் பழகிவிட்டது. பயணப் பெட்டியில் கோப்புகளை வைத்திருக்கிறேன், அதற்கும் ஒரு பயன். கப்பல்கள் இந்த மாதக் கடைசியில் வரத் தொடங்கும், வேறு யாரோ ஊதுவார்கள். என் பொருட்டு நீ பெட்ரோசெல்லியிடம் பேச வேண்டாம். அம்மாவிடமும் சொல்ல வேண்டாம். ஈஸ்டருக்கு வர வேண்டவே வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் கேட்டதெல்லாம் கேட்ட உடனே கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
இருந்த இடத்திலேயே இருக்கும் உன் தம்பி,
எய்னார்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நம்பாதே. உறையை ஒட்டப் போகும்போது டுவெய்ன் க்வாலே மறுபடி கூப்பிட்டார். வண்டியின் மேல் இப்போது வாத்துகள் நீந்துகின்றனவாம், மற்றபடி ஒன்றுமில்லையாம். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கத்திவிட்டேன். "வேணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்! ஒரே ஒரு வார்த்தை! யாரு உங்க கழுத்தப் பிடிச்சிருக்கா?" மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு மெதுவாக, "வேணும் தம்பி," என்றார். எழுதிக்கொண்டேன். பேனாவைக் கீழே வைப்பதற்குள் பெட்ரோசெல்லியைக் கூப்பிட்டேன்.

"எய்னார் பேசறேன். பாலத்து வேலை எனக்கு வேணும்."

"அன்னிக்கு வேணாம்னீங்க. ரெண்டு தடவ."

"மரியாதைக்குச் சொன்னேன்."

"என்ன ஊருய்யா இது! இங்க கூப்பிட்ட மூணு பேரும் வேணாம்னுட்டாங்க. ஒருத்தர் ரொட்டி வேற செஞ்சு அனுப்பினாரு. திங்கக்கெழம வாங்க."

நேராக வெர்லினிடம் போனேன். போகிறேன் என்றேன். மூன்றாவது தடவை. உட்காரவில்லை. அவர் எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர்.

"நெசமாவா? கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! உன்ன எப்படி அனுப்பறதுன்னு ரெண்டு வருஷமா தவிச்சிட்டிருந்தேன்பா. இருன்னு சொன்னது மரியாதைக்கு. பெட்டி வாங்கிக் கொடுத்தேன், கதவுகிட்ட உக்கார வெச்சேன், விளம்பரத்த வெட்டி கோப்பைக்கு அடியில வெச்சேன். இன்னும் எப்படிப்பா வாயத் திறந்து சொல்றது?"

பெட்டியில் இருந்த கோப்புகளை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். பெட்டி இப்போது துணிகளால் நிறைகிறது. பெர்னடீன் மறுபடி நிரப்பித் தந்திருந்த தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இந்தத் தடவை வெறும் தட்டாகவே.

ஈஸ்டருக்கு வா. பாலத்தடிக் கால்வாய்க் கரையில் நில், உனக்காக ஊதுகிறேன். ஒரு தடவைதான் கூப்பிடுவேன்.